ஒரு சொட்டு ரத்தத்தில் ரத்தப் புற்றுநோயைக் காட்டும் ஆர்.என்.ஏ. சோதனை: வாட்ஸ்அப் கதையா, நிஜமா?

#1 கொள்ளிடக்கரையான்

வணக்கம். பல வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், முதல் தடவை இழை தொடங்குகிறேன். தவறான பகுதி என்றால் நடத்துநர் மாற்றிவிடவும்.

பெரியப்பாவுக்கு 67 வயது. கண்புரை அறுவைக்கு முன்னால் வழக்கமாகப் பார்க்கும் ரத்தச் சோதனையில் வெள்ளையணு 34,000 என்று வந்தது. லேபில் ஏதோ குளறுபடி என்று இன்னொரு இடத்தில் எடுத்தோம். அங்கேயும் அதே கதை. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, காலையில் வாய்க்கால் கரையில் 4 கிலோமீட்டர் நடக்கிறார். ரத்தவியல் டாக்டர் "சி.எல்.எல். மாதிரித் தெரிகிறது" என்று சொல்லி ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி. இனிமேல் எலும்பில் ஊசி குத்த வேண்டாமாம், மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று ஒன்று நோபல் பரிசு வாங்கிவிட்டதாம், ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லா ரத்தப் புற்றுநோயும் தெரிந்துவிடுமாம். பெரியம்மா அதைப் பிடித்துக்கொண்டு "இந்த டாக்டர் ஏன் அந்தச் சோதனையை எழுதவில்லை?" என்று தினமும் கேட்கிறார். நான் பி.காம். எனக்கே பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வெள்ளணு

நோய்க்குறியியல் படித்தவள், ரத்தச் சோதனைக்கூடத்தில்தான் பிழைப்பு. உங்கள் பெரியப்பாவை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாக மட்டும் சொல்கிறேன்.

சி.எல்.எல். என்பது லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு மெதுவாகச் சேர்ந்துகொண்டே போகும் நோய். மேற்கு நாடுகளில் பெரியவர்களுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்களில் இதற்குத்தான் முதலிடம். நம் பக்கம் குறைவு, அதனால்தான் குடும்பத்தில் யாருக்கும் பெயர் தெரிந்திருக்காது.

காணொளி சொன்னதில் பாதி சரி, காரணம்தான் தப்பு. சி.எல்.எல்.லை உறுதி செய்ய எலும்பு மஜ்ஜை இப்போதே தேவையில்லை. கையில் எடுக்கும் ரத்தம் போதும். ஒரு மைக்ரோலிட்டரில் 5,000 அல்லது அதற்கு மேல் ஒரே குலத்து (ஒரே அணுவிலிருந்து பெருகிய) பி லிம்ஃபோசைட்டுகள் 3 மாதமாவது நீடிக்க வேண்டும். அவற்றின் மேல் சி.டி.5, சி.டி.19, சி.டி.23 ஆகிய அடையாளங்கள் சேர்ந்து இருக்க வேண்டும். இதைத்தான் ஃப்ளோ சைட்டோமெட்ரி பார்க்கிறது. திருடனே திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது காலடித் தடத்தை அளப்பானேன்?

பெரியம்மாவிடம் டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் சரியான சோதனை என்று சொல்லுங்கள்.

#3 சந்தேகப்பிராணி

அப்படியானால் நோபல் எதற்குக் கொடுத்தார்கள்? மைக்ரோ ஆர்.என்.ஏ.வை வைத்துப் புற்றுநோயைக் கண்டுபிடிப்பது பற்றி ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் இருக்கின்றனவே. அத்தனையும் வீணா? (சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.)

#4 ஆய்வகப்பூனை

சந்தேகப்பிராணி அண்ணே, உட்காருங்கள், கொஞ்சம் நீளமாகப் போகும். என் வாழ்க்கையில் 5 வருடம் இந்த வகைக் குழாய்களோடுதான் போனது.

நோபல் 2024-இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும். கண்டுபிடித்தது 1993-இல், 1 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில். புழுவின் வளர்ச்சியைக் குழப்பும் லின்-4 என்ற மரபணு எந்தப் புரதத்தையும் செய்யவில்லை. அது தந்தது 22 எழுத்து நீளமுள்ள ஒரு ஆர்.என்.ஏ. துண்டு மட்டும். அந்தத் துண்டு இன்னொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வில் (புரதம் செய்வதற்கான குறிப்பைக் கொண்டுபோகும் நகலில்) போய் ஒட்டிக்கொண்டு, புரதம் செய்யும் வேலையை மட்டுப்படுத்துகிறது. கல்யாணப் பந்தியில் வாளியோடு வருகிறவரைப் பார்த்து "இந்த வரிசைக்குச் சாம்பார் போதும்" என்று கையைக் காட்டும் மாமா ஒருவர் இருப்பார் அல்லவா, அவர்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. அவர் சமைப்பதும் இல்லை, பரிமாறுவதும் இல்லை; ஆனால் அவர் இல்லாவிட்டால் பந்தி நாறிவிடும்.

7 வருடம் இது புழுவின் விசித்திரம் என்றே கிடந்தது. 2000-இல் லெட்-7 என்ற இரண்டாவது துண்டு மனிதர் வரைக்கும் இருப்பது தெரிந்ததும்தான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இப்போது மனிதரில் இரண்டாயிரத்துக்கு மேல் பட்டியல் இருக்கிறது (அதில் எத்தனை அசல் என்பது தனிச் சண்டை). மிர் என்று போட்டுப் பின்னால் ஒரு எண் கொடுப்பார்கள்: மிர்-16, மிர்-21, மிர்-155 என்று.

இப்போது கொள்ளிடக்கரையான் தம்பிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இடம். மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று உலகத்துக்கு முதலில் தெரிந்ததே சி.எல்.எல்.லில்தான். பாதிக்கு மேற்பட்ட சி.எல்.எல். நோயாளிகளின் அணுக்களில் 13-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். 13க்யூ14 என்று விலாசம். அங்கே ஏதோ ஒரு காவல்கார மரபணு இருந்திருக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் தேடினார்கள். புரதம் செய்யும் மரபணுக்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தும் குற்றவாளி சிக்கவில்லை. 2002-இல் பிலடெல்ஃபியாவில் கார்லோ க்ரோச்சேயின் ஆய்வகத்தில் ஜார்ஜ் காலினும் கூட்டாளிகளும் பார்த்தால், காணாமல் போகும் அந்தச் சின்ன இடத்தில் மிர்-15ஏ, மிர்-16-1 என்று இரண்டு துண்டுகள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளில் இவை இல்லை, அல்லது குறைந்திருந்தன.

2005-இல் அதே குழு அவை யாருக்குக் கையைக் காட்டுகின்றன என்பதையும் சொன்னது: பி.சி.எல்.2. அணு சாகாமல் தடுக்கும் புரதம் அது. மாமா பந்தியை விட்டுப் போய்விட்டார், சாம்பார் ஊற்றிக்கொண்டே இருக்கிறது, லிம்ஃபோசைட் சாக மாட்டேன் என்கிறது.

இது வரைக்கும் உயிரியல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரச்சினை, இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம் என்று கிளம்பும்போது தொடங்குகிறது. சாப்பிட்டு வந்து எழுதுகிறேன்.

#5 கொள்ளிடக்கரையான்

பந்தி உதாரணத்தை அப்படியே பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்ப எனக்கு மாமா ஓடிட்டாரா?" என்று சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரிக்கிறார், நன்றி.

#6 மாத்திரைக்காரர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் மருத்துவர் இல்லை, நோயாளி. சி.எம்.எல். என்ற இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய், 11 வருடமாக இமாட்டினிப் மாத்திரை. ஆர்.என்.ஏ. ரத்தச் சோதனை என்பது என்னமோ வருங்காலத்துச் சங்கதி மாதிரிப் பேசுகிறீர்கள். நான் 3 மாதத்துக்கு ஒரு முறை கையை நீட்டி அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்! பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்று தாளில் போட்டிருக்கும். 0.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வீட்டில் கேசரி. மேலே போனால் டாக்டர் முகம் மாறும். பிறகு எதற்கு ஆர்.என்.ஏ. சோதனை சரிவராது என்கிறீர்கள்?

#7 வெள்ளணு

மாத்திரைக்காரர் ஐயா, இந்த இழையிலேயே நல்ல கேள்வி உங்களுடையது.

உங்கள் சோதனையும் ஆர்.என்.ஏ.தான், ஆனால் சின்ன ஆர்.என்.ஏ. அல்ல, தூது ஆர்.என்.ஏ. 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொண்டு பிறந்தது அது. அப்படிக் குட்டையாகிப்போன 22-ஆம் குரோமோசோமை 1960-இல் பிலடெல்ஃபியாவில் பார்த்தார்கள். அது இடம் மாறிய துண்டுதான் என்று ஜானெட் ரௌலி 1973-இல் காட்டினார். அதன் மேல் குறி வைத்து வந்த உங்கள் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2001-இல் அனுமதி.

கவனிக்க வேண்டியது இதுதான்: ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் அந்த ஒட்டு ஆர்.என்.ஏ. நடைமுறையில் இருப்பதில்லை. இருக்கிறதா, எவ்வளவு என்று பார்த்தால் போதும். மிர்-21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும், இதைப் படிக்கிற எல்லாருக்கும் இருக்கும். நோயாளிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதில்தான் எல்லாத் தலைவலியும்.

உங்கள் 0.1 சதவீதம் என்ற எண்ணுக்குப் பின்னால் இன்னொரு கதையும் உண்டு. சென்னை லேபில் வரும் 0.1-உம் சிட்னி லேபில் வரும் 0.1-உம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு சர்வதேச அளவுகோலையே உட்கார்ந்து செய்தார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு அந்த மாதிரி ஒரு பொதுத் தராசு இல்லை.

#8 ஆய்வகப்பூனை

டாக்டர் அக்கா நான் எழுத நினைத்ததைப் பாதி எழுதிவிட்டார். மீதிப் பாதி.

2008 வரை எல்லாரும் அணுக்களுக்குள்ளேதான் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் தேடினார்கள். ரத்தத்தில் ஆர்.என்.ஏ.வை அறுக்கும் நொதி நிறைய இருக்கிறது, வெறும் ஆர்.என்.ஏ.வைப் பிளாஸ்மாவில் (அணுக்களை நீக்கிய ரத்த நீரில்) போட்டால் வெயிலில் வைத்த ஐஸ்தான். ஆனால் அந்த வருடம் ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் லாரியின் குழு டி.எல்.பி.சி.எல். என்ற லிம்ஃபோமா (லிம்ஃபோசைட்டுகள் கட்டியாகச் சேரும் புற்றுநோய்) நோயாளிகள் 60 பேர், ஆரோக்கியமானவர்கள் 43 பேர் ஆகியோரின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரை) ஒப்பிட்டது. மிர்-21, மிர்-155, மிர்-210 மூன்றும் நோயாளிகளிடம் கூடியிருந்தன. அதே வருடம் சியாட்டிலில் முனீஷ் திவாரியின் குழு, பிளாஸ்மாவில் மைக்ரோ ஆர்.என்.ஏ. அசாத்தியமாக நிலைத்து நிற்கிறது என்று காட்டியது. எப்படி நிற்கிறது? ஆர்கோனாட்-2 என்ற புரதத்தைக் கட்டிக்கொண்டும், அணுக்கள் உமிழும் நுண்பைகளுக்குள் ஒளிந்துகொண்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

அவ்வளவுதான், வெள்ளம் திறந்துவிட்டது. உறைபெட்டியில் சீரம் வைத்திருந்த எல்லாரும் பி.சி.ஆர். எந்திரத்தை நோக்கி ஓடினோம் (ஆர்.என்.ஏ.வைப் பெருக்கி அளப்பது; மாத்திரைக்காரர் தாளில் இருக்கும் பி.சி.ஆர். ஒரு மரபணுவின் பெயர், இது வேறு). "ஓடினார்கள்" என்று எழுதப் பார்த்தேன், மனசாட்சி விடவில்லை.

நான் சேர்ந்த குழுவில் நோயாளிகளின் ரத்தம் நகரத்தின் மறுகோடியில் ஒரு மருத்துவமனையிலிருந்து வரும். ஒரு பையன் ஐஸ் பெட்டியோடு ஆட்டோவில் கொண்டுவருவான். ஒப்பீட்டுக்கு ஆரோக்கியமானவர்கள் யார்? நாங்களேதான். மாடியில் கையை நீட்டி, 20 நிமிடத்தில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, உறைபெட்டியில் வைத்துவிடுவோம். 8 மாதம் கழித்துப் பிரமாதமான வித்தியாசம் கிடைத்தது. 6 மைக்ரோ ஆர்.என்.ஏ., எல்லாம் நோயாளிகளிடம் மேலே. பேராசிரியர் தலைப்பே எழுதிவிட்டார்.

ஒரு மூத்த அக்கா மட்டும் குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஏன் நோயாளிகளின் பிளாஸ்மா எல்லாம் ரோஸ் மில்க் மாதிரி இருக்கிறது?" என்று கேட்டார். ஆட்டோ குலுக்கலிலும் 4 மணி நேரத் தாமதத்திலும் சிவப்பணு உடைந்திருந்தது. சிவப்பணுவுக்குள் மிர்-451-உம் மிர்-16-உம் கொட்டிக் கிடக்கின்றன. நாங்கள் கண்டுபிடித்த புற்றுநோய்க் கையெழுத்து, அந்த ஆட்டோ சவாரியின் கையெழுத்து.

கட்டுரை குப்பைக்குப் போனது. எங்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2012-இல் திவாரி குழுவே ஓர் எச்சரிக்கைக் கட்டுரை போட்டது. கட்டிப் புற்றுநோய்களின் ரத்த அடையாளம் என்று அதுவரை சொல்லப்பட்ட 79 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் 46, சாதாரண ரத்த அணுக்களிலேயே மிக அதிகமாக இருப்பவை. சிவப்பணு உடைந்தால் சில அளவுகள் 50 மடங்கு வரை மாறலாம் என்றும் சொன்னார்கள். நுரையீரல், மார்பகப் புற்றுநோய்க்கே இந்தக் கதி என்றால், நோயே ரத்த அணுவில் இருக்கும்போது யோசித்துப் பாருங்கள்.

#9 சந்தேகப்பிராணி

ரோஸ் மில்க்! இனி என்னால் அதை நிம்மதியாகக் குடிக்க முடியாது.

ஒரு சந்தேகம். சிவப்பணு உடைந்த குழாய்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏதாவது மாறாத ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அளவுகோலாக வைத்து மற்றதை அளந்தால் சரியாகிவிடாதா?

#10 ஆய்வகப்பூனை

அண்ணே, அங்கேதான் இந்தத் துறையின் பெரிய நகைச்சுவை இருக்கிறது.

தூக்கிப் போடும் வழி இருக்கிறது. சிவப்பணுவில் கொட்டிக் கிடக்கும் மிர்-451-ஐயும், அது உடைவதால் அவ்வளவாக அசையாத மிர்-23ஏ-வையும் சேர்த்து அளப்பார்கள், பி.சி.ஆரில் இரண்டுக்கும் 7 சுற்றுக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்தக் குழாய் சந்தேகத்துக்குரியது. ஒவ்வொரு சுற்றும் இரட்டிப்பு என்பதால் 7 சுற்று என்பது 128 மடங்கு. நாங்கள் இதை முதல் நாளே செய்திருந்தால் 8 மாதம் மிச்சம்.

அப்புறம் மாறாத அளவுகோல். புழுவின் மிர்-39-ஐ வெளியிலிருந்து கொஞ்சம் கலந்துவிடுவார்கள், மனிதரில் அது கிடையாது என்பதால். அது பிரித்தெடுக்கும்போது எவ்வளவு வீணாயிற்று என்பதை மட்டும் சொல்லும். ரத்தம் எடுத்த கையின் தப்பைச் சொல்லாது. எனவே உள்ளேயே இருக்கும் ஒன்று வேண்டும். ஏராளமான ஆய்வுகள் எதைத் தேர்ந்தெடுத்தன தெரியுமா? மிர்-16.

ஆமாம், அதே மிர்-16. சி.எல்.எல்.லில் காணாமல் போவதால் இந்தக் கதையையே தொடங்கிவைத்தது. சிவப்பணு உடைந்தால் பிளாஸ்மாவில் ஏறுவதும் அதுதான். அதை "எல்லாரிடமும் ஒரே அளவில் இருப்பது" என்று வைத்து மற்றவற்றை அளந்தார்கள். படிக்கல்லே தினம் ஒரு எடை என்றால், காய்கறிக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்து என்ன பயன்?

எனவே ஓர் ஆய்வில் மிர்-92ஏ கூடியது, இன்னொன்றில் குறைந்தது என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது முடிவுப் பகுதியை அல்ல. எதால் வகுத்தார்கள் என்பதை. சீரமா பிளாஸ்மாவா என்பதை. குழாயின் மூடி ஊதாவா பச்சையா என்பதைக்கூட. பச்சை மூடிக் குழாயில் இருக்கும் ஹெப்பாரின் பி.சி.ஆரின் கழுத்தைப் பிடித்துவிடும். ஒரு தடவை மட்டும் சுற்றிய பிளாஸ்மாவில் தட்டணுக்கள் தங்கிவிடும், அவையும் தங்கள் பங்குக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கக்கும். பாதிக் கட்டுரைகளில் இதெல்லாம் எழுதியே இருக்காது.

#11 மாதவி_டொரோண்டோ

பூனை, நீங்கள் பி.சி.ஆர். பக்கத்தைச் சொன்னீர்கள், நான் வரிசைப்படுத்தும் (துண்டுகளை எழுத்து எழுத்தாகப் படிக்கும்) பக்கத்தைச் சொல்கிறேன். ஊர் யாழ்ப்பாணம், வேலை இங்கே சிறு ஆர்.என்.ஏ. வரிசைத் தரவுகளோடு.

எங்களுக்கு ஆளே யார் என்று தெரியாத பிரச்சினை. 2012-இல் மைலோமாவுக்கு ஓர் ஆய்வு வந்தது. மைலோமா என்பது பிளாஸ்மா அணுக்கள் என்ற, எதிர்ப்பொருள் செய்யும் வெள்ளையணுக்களின் புற்றுநோய். அதற்கு முன்கட்டமாக எம்.ஜி.யு.எஸ். என்று ஒரு நிலை உண்டு, பலருக்கு அது நோயாக மாறாமலே போகும். சீரத்தில் மிர்-720-ஐயும் இன்னொன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆரோக்கியமானவரைத் தனியாகப் பிரிக்கலாம் என்றது அந்த ஆய்வு. நல்ல விஷயம்தான். ஆனால் பிறகு பார்த்தால் மிர்-720 என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.வே இல்லை, டி.ஆர்.என்.ஏ. (புரதத்துக்கு அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் வேறு வகை ஆர்.என்.ஏ.) உடைந்த துண்டு. பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள்.

இதை வைத்து அந்த ஆய்வு பிழை என்று நான் சொல்ல வரவில்லை. அளந்தது ஏதோ ஒன்றைத்தான், அது நோயோடு மாறியும் இருக்கலாம். டி.ஆர்.என்.ஏ. துண்டுகளும் ரத்தத்தில் கனக்க ஓடுகின்றன, அவற்றை இப்போது தனியாகவே படிக்கிறார்கள். ஆனால் ஒரு சோதனையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது, என்னத்தை அளக்கிறோம் என்றாவது தெரிந்திருக்க வேண்டாமோ?

22 எழுத்து என்பது எவ்வளவு குட்டை என்று யாரும் யோசிப்பதில்லை. சாதாரண பி.சி.ஆரில் தொடக்கமாக ஒட்டவைக்கும் துண்டே 20 எழுத்து அளவில் இருக்கும்! அதனால் கொண்டை ஊசி மாதிரி மடிந்த ஒரு தனித் துண்டை ஒட்டி நீட்டித்தான் அளக்க வேண்டியிருக்கிறது. ஒரு எழுத்து கூடக் குறைய இருந்தால் இலக்கம் மாறும்.

#12 வெள்ளணு

மிர்-21 பற்றி ஒரு வரி. லிம்ஃபோமாவில் கூடும், நுரையீரல் புற்றுநோயில் கூடும், வீக்கம் அழற்சியிலும் கூடும். அது எல்லாக் கல்யாணத்துக்கும் வரும் உறவுக்காரர். அவரைப் பார்த்து இது யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்ல முடியாது.

2007-இல் இன்னோர் ஆய்வு, எலும்பு மஜ்ஜை மாதிரிகளை வைத்து: மிர்-128ஏ, மிர்-128பி, லெட்-7பி, மிர்-223. இந்த நான்கில் இரண்டைப் பார்த்தாலே ஏ.எல்.எல்.லா ஏ.எம்.எல்.லா (வேகமாக முற்றும் இரண்டு வகை ரத்தப் புற்றுநோய்கள்) என்று 95 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரிக்கலாம் என்றார்கள். அழகான வேலை. ஆனால் அதே கேள்விக்கு ஃப்ளோ சைட்டோமெட்ரி அன்றைக்கே பதில் சொல்லிவிடுகிறது. சிகிச்சையை முடிவு செய்ய வேண்டிய மரபணு மாற்றங்களை எப்படியும் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும். 2022-இல் திருத்திய உலக சுகாதார அமைப்பின் ரத்தப் புற்றுநோய் வகைப்பாட்டில் எந்த நோயை முடிவு செய்வதற்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவைக் கேட்கவில்லை.

#13 சந்தேகப்பிராணி

சரி, எனக்கு உயிரியல் தெரியாது, கணக்கு தெரியும். காணொளி சொன்ன மாதிரி "எல்லாரும் வருடத்துக்கு ஒரு முறை ஒரு சொட்டு" என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அதில் 10 பேருக்கு நிஜமாகவே நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக நானே போட்ட எண்). சோதனை நோயாளியை 95 சதவீதம் பிடிக்கும், ஆரோக்கியமானவரை 95 சதவீதம் சரியாக அனுப்பிவிடும். கேட்க ஜோராக இருக்கிறது.

10 பேரில் 9 அல்லது 10 பேர் பிடிபடுவார்கள். மீதி 99,990 பேரில் 5 சதவீதம், ஏறக்குறைய 5,000 பேர், ஒன்றுமே இல்லாமல் "உங்களுக்கு ரத்தப் புற்றுநோய் இருக்கலாம்" என்ற தாளோடு வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் எல்லாருக்கும் அடுத்த கட்டச் சோதனை. ஊசியை ஒழிக்க வந்த சோதனையால் எலும்பில் ஊசி குத்திக்கொள்ளும் கூட்டம் எவ்வளவு பெருகும் என்று பாருங்கள். நானும் இந்த இழைக்கு வரும் வரை அந்த 95-ஐ நம்பினவன்தான்.

#14 மாத்திரைக்காரர்

அந்த 5,000 பேரில் ஒருவராக நான் இருந்திருந்தால், முதல் இரண்டு வாரம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு நிஜமாகவே இருந்தது, எனக்கே அந்த இரண்டு வாரம் மறக்கவில்லை.

#15 ஆய்வகப்பூனை

இவ்வளவு திட்டிவிட்டு ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லவில்லை என்றால் 5 வருடச் சோற்றுக்குத் துரோகம்.

என் கருத்து: இதை எல்லாரையும் சலித்தெடுக்கும் சல்லடையாக விற்பதுதான் தப்பு. ஊசி போக முடியாத இடம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே இதற்கு வேலை உண்டு. மூளைக்குள் வரும் லிம்ஃபோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். உறுதி செய்ய மண்டையில் துளை போட்டு மூளைத் திசு எடுக்க வேண்டும். ஜெர்மனியில் போஹும் நகரத்துக் குழு 2011-இல், முதுகுத் தண்டு நீரில் மிர்-21, மிர்-19, மிர்-92ஏ மூன்றையும் அளந்தது. 95.7 சதவீத நோயாளிகளைப் பிடித்தது. நோய் இல்லாதவர்களை 96.7 சதவீதம் சரியாக விட்டது. அந்த நீரில் சாதாரணமாக ரத்த அணுக்கள் மிகக் குறைவு, எனவே ரோஸ் மில்க் தொல்லையும் குறைவு. தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகல்தான், அது ரத்தம் அல்ல. ஆனால் ஏன் அங்கே நன்றாக வேலை செய்தது என்பதுதான் பாடம்.

இன்னொன்று, நோய் யாருக்கு வேகமாகப் போகும் என்று கணிப்பது. 2017-இல் புதிதாக மைலோமா கண்டறியப்பட்ட 156 பேரின் நுண்பைகளை மட்டும் பிரித்து அளந்தபோது, லெட்-7பி, மிர்-18ஏ இரண்டும் குறைந்தவர்களுக்கு நோய் மோசமாகப் போனது. பைக்குள் இருப்பதை மட்டும் எடுத்தால், உடைந்த அணுவின் குப்பை குறையும். தினசரி லேபில் அப்படிப் பிரிப்பது லேசான வேலை இல்லை, அது வேறு விஷயம்.

#16 சந்தேகப்பிராணி

95.7 என்றதும் கையில் கால்குலேட்டரை எடுத்துவிட்டேன். 23-இல் 22. மற்றது 30-இல் 29. சரியா?

#17 ஆய்வகப்பூனை

சரிதான். 23 நோயாளிகள், 30 பேர் ஒப்பீட்டுக்கு. ஒரே ஒருவர் மாறியிருந்தால் 91-க்கு வந்திருக்கும். ஆனால் மூளை லிம்ஃபோமா அபூர்வம், 23 பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. அண்ணே, உங்களை எங்கள் ஆய்வகத்துக்கு அந்த ஆட்டோ காலத்திலேயே கூப்பிட்டிருக்க வேண்டும்.

#18 மாதவி_டொரோண்டோ

ஒருவர் தனிமடலில், "மிர்-15, மிர்-16 இல்லாததுதான் காரணம் என்றால் அவற்றைத் திருப்பி ஊசியாகப் போடக் கூடாதா?" என்று கேட்டார். இங்கேயே சொல்லிவிடுகிறேன். முயன்றார்கள், வேறு நோய்களில். மிர்-34-ஐப் போலச் செயல்படும் ஒரு மருந்தின் சோதனை நோயெதிர்ப்பு மண்டலத்தின் கடுமையான எதிர்விளைவுகளால் 2016-இல் நின்றது. மிர்-155-ஐ அடக்கும் மருந்து ஒன்றைத் தோல் லிம்ஃபோமாவில் பார்த்தார்கள். நிறுவனம் 2020-இல் அந்தப் பரிசோதனையை நிறுத்திக்கொண்டது. மிர்-16-ஐப் போலச் செயல்படும் மருந்தை ஆஸ்திரேலியாவில் நுரையீரல் உறைப் புற்றுநோய்க்கு முதல் கட்டமாகக் கொடுத்துப் பார்த்தார்கள்.

சி.எல்.எல்.லில் வேறு வழியாக விடிந்தது. மிர்-16 அடக்காமல் விட்ட பி.சி.எல்.2-ஐ ஒரு மாத்திரையால் நேரடியாகவே பிடிக்கிறார்கள். வெனிட்டோகிளாக்ஸ். அமெரிக்காவில் 2016-இல் அனுமதி.

#19 கொள்ளிடக்கரையான்

3 வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சி.எல்.எல். உறுதி. கூடவே ஃபிஷ் என்று ஒன்று எடுத்தார்கள், நானும் முதலில் மீன் என்றுதான் நினைத்தேன்; குரோமோசோமில் துண்டு ஏதாவது போயிருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று பார்ப்பதாம். அதில் "13க்யூ14 நீக்கம் உள்ளது, 11க்யூ, 17பி நீக்கம் இல்லை, 12-ஆம் குரோமோசோம் கூடுதல் இல்லை" என்று போட்டிருக்கிறது. டாக்டர் இப்போதைக்கு மருந்து வேண்டாம், 3 மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டுங்கள் என்கிறார். பெரியம்மாவுக்கு இதில் பயங்கரக் கோபம். புற்றுநோய் என்று சொல்லிவிட்டு மாத்திரை கொடுக்காத டாக்டரை அவர் பார்த்ததே இல்லையாம். குரோமோசோமே காணாமல் போயிருக்கும்போது சும்மா இருக்கலாமா?

#20 வெள்ளணு

குரோமோசோம் முழுதும் போகவில்லை, ஒரு துணுக்குதான். முரணாகத் தெரியும், ஆனால் சி.எல்.எல்.லில் அந்த நீக்கம் மட்டும் தனியாக இருப்பது நல்ல செய்திப் பக்கம். 2000-இல் ஜெர்மனியில் 325 நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது, 13க்யூ மட்டும் போனவர்களின் இடைநிலை ஆயுள் 133 மாதம்; 17பி போனவர்களுக்கு 32 மாதம். அது பழைய மருந்துக் காலத்து எண், இன்றைய மருந்துகளோடு அப்படியே பொருத்தக் கூடாது. யார் மேலே, யார் கீழே என்ற வரிசையை மட்டும் பாருங்கள். உங்கள் பெரியப்பாவின் நிலையை அவருடைய டாக்டர்தான் முழுத் தாளையும் வைத்துச் சொல்ல வேண்டும்.

தொந்தரவு இல்லாத தொடக்க நிலையில் காத்திருந்து கவனிப்பது அலட்சியம் இல்லை, அதுதான் வழக்கம். சீக்கிரம் மருந்து கொடுத்ததால் ஆயுள் கூடியதாகப் பழைய ஆய்வுகளில் காணோம். காத்திருக்கும்போது கவனிக்க வேண்டியவை: எடை குறைதல், இரவில் வியர்த்து ஊற்றுதல், கழுத்தில் அக்குளில் கட்டி பெரிதாதல், ஹீமோகுளோபினோ தட்டணுவோ இறங்குதல். தடுப்பூசிகள் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள், இந்த நோயில் கிருமித் தொற்று எளிதில் வரும்.

#21 ஆய்வகப்பூனை

தம்பி, அந்த 13க்யூ14-ஐ ஒரு நிமிடம் பாருங்கள். #4-இல் நான் எழுதிய அதே விலாசம். மிர்-15ஏ, மிர்-16-1 வீடு. உங்கள் பெரியம்மா கேட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. சோதனை ஒரு விதத்தில் நடந்துவிட்டது, துண்டை அளக்காமல் அது குடியிருந்த வீட்டைப் பார்த்திருக்கிறார்கள். வீடு இருக்கிறதா இல்லையா என்பதற்கு ரோஸ் மில்க் பிரச்சினை கிடையாது.

#22 கொள்ளிடக்கரையான்

இதைப் பெரியம்மாவிடம் இப்படியே சொன்னேன். "அப்ப அந்தச் சோதனை எடுத்தாச்சா?" என்றார். எடுத்தாச்சு என்றேன். குழுவில் அந்தக் காணொளிக்குக் கீழே "எங்களுக்கு எடுத்தாகிவிட்டது" என்று எழுதி ஒரு கைகூப்பும் படம் போட்டிருக்கிறார். நான் திருத்தப் போகவில்லை.

கண்புரை அறுவைக்கு ரத்தவியல் டாக்டர் சரி சொல்லிவிட்டார். வரும் வியாழன் இடது கண்.